முதலாம் ஆண்டுக்கு ஒரு மாலை

மலேசியாவின் காஹாங் வட்டாரத்தில் திருச்செல்வத்தின் லாரியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய தொண்டையைத் தெரியாதவர்கள் இல்லை. செம்பனைக் குலை ஏற்றுவது அவர் பிழைப்பு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவராக இருப்பதுதான் அவர் வாழ்க்கை.

பள்ளியில் பதினான்கு பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள். போன வருஷம் முதலாம் ஆண்டில் ஒருவரும் சேரவில்லை. இந்த வருஷமும் அந்த வகுப்பு காலியாகக் கிடந்தால் பள்ளியின் உரிமத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டதிலிருந்து திருச்செல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மகள் லோஷினி அங்கே ஆறாம் ஆண்டுக்குப் போகிறாள். அவள் முடித்துவிட்டு வெளியே வந்த பிறகும் பள்ளிக்கூடம் அங்கேயே நிற்க வேண்டும். மனிதர் கேட்டது அவ்வளவுதான்.

ஜனவரியில் திறக்கும் பள்ளிக்கு மே மாதமே கிளம்பிவிட்டார். துண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு அறுபத்திரண்டு வீடு ஏறி இறங்கினார். பிள்ளை இல்லாத வீட்டுக்கும் போனார், கல்யாணமே ஆகாத தங்கராஜுவின் வீட்டுக்கும் போனார். தங்கராஜு மரியாதைக்கு ஒரு துண்டறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் தினமும் காலையில் அபூபக்கர் கடையில் பட்டிமன்றம். எதிர்க்கட்சி ஜெயபாலன். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு மகன்களையும் சீனப்பள்ளியில் போட்டு ஆளாக்கியவர். சீனம் தெரிந்தால் வேலை தேடி வரும் என்பது அவர் கட்சி. தாய்மொழியை விட்டவனை வேலை வந்து காப்பாற்றாது என்பது திருச்செல்வத்தின் கட்சி. 'அரசியல் பேசாதீர்' என்று அபூபக்கர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். பள்ளிக்கூடம் எப்படி அரசியலாகும், பேச ஒரு மனுஷனுக்கு உரிமை இல்லையா என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். அபூபக்கர் பெருமூச்சு விட்டுத் தேநீரை ஆற்றினார். கல்லாவில் அவர் மனைவி மஹ்மூதா சில்லறையை எண்ணியபடி உட்கார்ந்திருப்பார். பக்கத்து மேசையில் அவர்களுடைய மகள் தஸ்லிமா படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள்.

ஜெயபாலனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஒருநாள் கடையே கேட்கும்படி சொன்னார்: "பதினாலு புள்ளைக்கு எட்டு வாத்தியார். அது ஸ்கூலா, இல்ல டியூஷன் செண்டரா? ஒரு புள்ள தும்முனா மூணு டீச்சர் ஓடி வர்றாங்க. அலமாக்!"

கடை சிரித்தது. திருச்செல்வம் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று முழுக்க லாரியில் தனக்குத்தானே பதில் பேச்சு பேசிக்கொண்டே ஓட்டினார். ஒன்றும் சரியாக அமையவில்லை.

வீடு வீடாக அலைந்ததற்கு ஒரே ஒரு பலன் கிடைத்தது. சுகுமாறன் தன் மகன் தீபனைச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தார். ஒருவன் போதுமே! திருச்செல்வம் ரோஜா மாலைக்குச் சொன்னார். கோயில் உறுமி மேளத்துக்கும் சொன்னார். அந்த மேளத்துக்குத் தலைவர் யாரென்றால், அதே ஜெயபாலன்தான். "மேளம் வேற, கொள்கை வேற," என்று சொல்லி அவரும் ஒத்துக்கொண்டார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சுகுமாறன் அழைத்தார். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம், குடும்பத்தோடு ஜொகூர் பாருவுக்குப் போகிறார்களாம். மன்னிக்கச் சொன்னார். அவர்மேல் கோபப்படக்கூடத் திருச்செல்வத்தால் முடியவில்லை. வேலை கிடைத்தவனை எப்படித் திட்டுவது?

மாலையையும் மேளத்தையும் நிறுத்தச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. இருந்தாலும் மேளச் சத்தம் கேட்டு யாராவது வந்துவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

திங்கட்கிழமை காலை. வாசலில் தோரணம். தலைமையாசிரியை வாசுகி ஆரத்தித் தட்டோடு நின்றார். ஜெயபாலன் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாருக்கு வாசிப்பது என்று தெரியாமல் செம்மண் சாலையைப் பார்த்தபடி இருந்தார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. அதுதான் திருச்செல்வத்துக்கு இன்னும் வலித்தது. ஏழரை மணி ஆயிற்று. ரோஜா மாலை அவர் கையிலேயே வாடத் தொடங்கியது.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அபூபக்கர் ஓட்டி வந்தார். பின்னால் மஹ்மூதா. நடுவில் புதுச் சீருடையும் முதுகை மறைக்கும் புத்தகப் பையுமாகத் தஸ்லிமா.

கடைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று திருச்செல்வம் பதறிக்கொண்டு ஓடினார். மஹ்மூதா அவரைத் தாண்டி நேரே வாசுகியிடம் போனார். "டீச்சர், பட்டணத்து ஸ்கூல்ல பேரு பதிஞ்சிருக்கோம். இங்க மாத்தணும். முடியுமா?"

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தானே பேசிக்கொள்வதாக வாசுகி சொன்னார். சட்டென்று கையிலிருந்த குங்குமத்தைப் பார்த்துத் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். பொட்டு வேண்டாம், பூ என்றால் பிள்ளைக்கு உயிர் என்று மஹ்மூதா சிரித்தார். தட்டு உள்ளே போயிற்று. மாலை மட்டும் வெளியே நின்றது.

திருச்செல்வம் மாலையைக் கை மாற்றிப் பிடித்தார். அவர் தொண்டை தயங்கி ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தங்கச்சி, நீங்க மலாய் தேசியப் பள்ளிக்குத்தான் போவீங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க, கேட்டீங்களா? அறுபத்திரண்டு வீடு போனீங்க. தினமும் தே குடிச்ச கடையில ஒரு நோட்டீஸ் வைக்கல."

அவருக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் தமிழிலேயே தேநீர் கேட்டு, தமிழிலேயே சண்டை போட்டு, அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலேயே தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை இல்லை என்று புலம்பியிருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர் அவரைத் தவிர வேறு யார்? வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

தன் பேச்சு வீண்போகவில்லை என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மஹ்மூதா விடவில்லை.

"உங்க பேச்சு இல்லண்ணே. ஜெயபாலன் அண்ணன் பேச்சு. பட்டணத்துல ஒரு கிளாஸ்ல முப்பத்தெட்டு புள்ளைங்க. எம்மவ வாயத் தொறக்கவே யோசிப்பா. இங்க தும்முனா மூணு டீச்சர் ஓடி வருவாங்கன்னு அவருதானே சொன்னாரு? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். மதியம் சமயப் பள்ளிக்குப் போற வேனும் இந்த வழியாத்தான் போகுது."

எல்லோரும் ஜெயபாலனைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் மீசைக்குள் ஒரு சிரிப்பு முளைத்தது. அதை மறைக்கத்தானோ என்னவோ, உறுமியை இழுத்து ஓங்கி ஒரு அடி போட்டார். தஸ்லிமா கழுத்தில் விழுந்த மாலை அவள் முழங்கால்வரை தொங்கியது. பதினான்கு பிள்ளைகளும் கை தட்ட, எட்டு ஆசிரியர்களும் கூடவே நடக்க, அவள் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்தாள். மாலைக்கு மேலே பெரிதாக ஒரு தும்மலும் போட்டாள்.

ஆசிரியர்கள் மூன்று பேர் ஓடினார்கள்.

மறுநாள் காலை அபூபக்கர் கடையில் திருச்செல்வம் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் துண்டறிக்கை இருந்தது. ஜெயபாலன் வந்ததும் அவருக்கும் சேர்த்து ஒரு தேநீர் சொன்னார். ஜெயபாலன் தணிந்த குரலில், இனிமேல் பள்ளிக்கூடப் பேச்சை விட்டுவிடலாம் என்று ஆரம்பித்தார்.

திருச்செல்வம் பதறிப்போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு அவர் காதோடு சொன்னார்:

"அண்ணே, அந்த மூலை மேசையில இருக்கிறவங்களுக்கு ஆறு வயசுல ஒரு புள்ள இருக்கு. அவங்க காதுல விழற மாதிரி எங்க ஸ்கூல கொஞ்சம் சத்தமா திட்டுங்க."