ஓதாத தண்ணீர்

அஷ்பாக் குண்டசாலைப் பாடசாலையொன்றில் உயிரியல் ஆசிரியர். அவருடைய மகள் நுஹாவுக்கு வலிப்பு. மருந்துகளை மாற்றிப் பார்த்தும் அது நிற்கவில்லை. கடைசியாக வகுப்பிலேயே விழுந்தாள். நாக்குக் கடிபட்டு, வெள்ளைச் சீருடையெல்லாம் இரத்தம்.

அதன் பிறகு மனைவி பஸ்லினா, பக்கத்துத் திகன பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிவந்து தினமும் காலையில் பருக்கினாள். சில வாரம் வலிப்பு வரவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள்.

இப்படியான இடைவெளிகள் முன்பும் வந்தவைதான். ஆனாலும் அஷ்பாக் நாட்களை எண்ணத் தொடங்கினார். உண்மையாகவே இருந்துவிட்டால்?

ஃபார்மசி வைத்திருக்கும் நண்பன் அரூஸிடம் போனார். பஸ்லினா வாங்கிவரும் தண்ணீரை அவளறியாமல் அவனிடம் கொடுப்பது; அவன் நிரப்பித் தரும் ஒரே மாதிரிப் போத்தல்களில் சிலவற்றில் ஓதிய தண்ணீர், சிலவற்றில் வெறுந்தண்ணீர். எது எதுவென்று அரூஸ் மட்டும் அறிவான். மருந்து வழமைபோல.

"பஸ்லினாக்குச் சொல்லல்லயா?" என்று அரூஸ் கேட்டான்.

"சொன்னா சோதனை பிழைச்சிரும்."

நோன்பு தொடங்கும் சமயம் நுஹாவுக்கு வலிப்பு விடாமல் வந்தது. உதடு நீலமாகிவிட்டது. த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வார்ட்டுக்கு வெளியே, அன்றைய போத்தலைக் கையில் வைத்திருந்த அஷ்பாக்கிடம் பஸ்லினா கை நீட்டினாள்.

"அந்தப் போத்தலத் தாங்க. முகத்துல தடவணும்."

அஷ்பாக் கொடுக்கவில்லை. "இது ஓதினதா இல்லையான்டு எனக்குத் தெரியாது" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"என்ட புள்ளைக்கு வெறுந்தண்ணியா குடுக்க வெச்சீங்க? அல்லாஹ்வயா சோதிச்சீங்க?"

"இல்ல பஸ்லி. அது உண்மையா இருக்கணும்டு உங்கள விட எனக்குத்தான் ஆசை. தெரிஞ்சா நானும் உங்களோட கையேந்தி இருப்பேன்."

"அதப் பருக்கிற நேரம் மட்டுந்தான் எனக்குப் பயமில்லாம இருந்திச்சி" என்றாள் அவள். "அதையும் எடுத்துட்டீங்க."

நுஹா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். வலிப்பும் கூடவே வந்தது. அதுவரை வலிப்பு வந்த நாட்களை ஒப்பிட்டு, இரண்டு தண்ணீருக்கும் வித்தியாசமில்லை என்று அரூஸ் சொன்னபோது அஷ்பாக் கடை வாசலிலேயே அழுதார்.

பஸ்லினா தண்ணீர் வாங்கப் போவதை நிறுத்தியிருந்தாள். தொழுகைப் பாயில் இருந்தாலும் அவள் உதடு அசைவதில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு காலை அவரே திகனக்குப் போய் ஓதி வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

"ஓதினதா?"

"ஓதினதுதான். பக்கத்துலயே நின்டேன்."

பஸ்லினா போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்கு அது எப்பிடித் தெரியும்?" என்றாள்.

உள்ளறையில் நுஹாவின் கட்டில் ஆடத் தொடங்கியது. இருவரும் ஓடினார்கள்.