தரையோடு படுக்க மறுத்த கோடு

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. தோழி ஒருத்தி தன் ஆபீஸ் கணக்குகளைப் படமாகக் காட்டும் டேஷ்போர்டைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டி, "இதுல என்ன தெரியுது, சொல்லு பார்ப்போம்" என்றாள். ஏகப்பட்ட வட்டங்கள், முட்கள், வானவில்லை அரைத்துப் பூசிய மாதிரி நிறங்கள். ஒரு மண்ணும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் எக்செல்லைத்...'

(அடித்துவிட்டேன். எக்செல்லைத் திறக்க மழை எதற்கு?)

2.

மறுபடி. மின்கெட்டில் தயாரிக்கும் கம்பெனி. அங்கே மாத அறிக்கை தயாரிக்கும் பெண். நாள் முழுக்கக் கட்டங்களுக்குள்ளேயே கிடப்பதால் ஆபீஸில் அவள் பெயரே 'கட்டம்'. விற்பனை மேனேஜர் அவளுடைய அக்கா கணவர். வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் அவர்தான்.

முதலாளியம்மா கேட்டது இவ்வளவுதான்: "ஒரே பக்கம். பார்த்ததும் நான் என்ன செய்யணும்னு தெரியணும்."

செய்ய விட்டார்களா? கணக்குப் பிரிவுக்காரர் வந்து, "எங்களுக்கும் ஒரு வட்டம் போடும்மா, நாங்க மட்டும் இளப்பமா?" என்றார். சரக்குப் பிரிவோ, காரில் வேகம் காட்டுவது மாதிரி ஒரு முள் கேட்டது. ஆளுக்கொரு கை மண் அள்ளிப் போட்டதில் பக்கமே மூடிப்போயிற்று.

(இங்கே சிரிப்பாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்களும் ஆபீஸ் போகிறவர்தானே, பார்த்திருப்பீர்கள்.)

3.

கடுப்பில் எல்லாவற்றையும் அழித்தாள். எதைப் பார்த்தால் முதலாளியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் என்று யோசித்தாள். வாடிக்கையாளர் புகார்களைக் கெட்டில் வகைப்படி பிரித்துப் போட்டாள். பழைய மாடல்களின் கோடுகள் கீழேயே ஊர்ந்தன. புது மாடல் மட்டும் மாதாமாதம் ஏறியது. மொத்தத்தில் கலந்து கிடந்ததால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

மற்ற கோடுகளைச் சாம்பல் நிறமாக்கி, அதை மட்டும் சிவப்பாக்கினாள். பிறகு புகார்களைப் படித்தாள். ஊற்றும்போது கைப்பிடி கழன்றுகொள்கிறது. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு வரை வெந்துவிட்டது.

4.

அத்தானை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். வரவில்லை. மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கெஞ்சத்தான் செய்தார்.

"இந்த மாடலைக் கொண்டுவரச் சொன்னதே நான்தாம்மா. என் தலைதான் உருளும்."

"கை வெந்திருக்கு அத்தான்."

"சரிபண்ணச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் அந்த அளவை* ஆயிரம் வரைக்கும் நீட்டிடு. கோடு தரையோட படுத்துக்கும். ஒரு எண்ணைக்கூட மாத்த வேணாம். பொய்யே இல்ல பாரு."

"பொய் இல்லதான். ஆனா பார்க்குறவங்களுக்கு எதுவும் தெரியாதே."

"உங்க அக்காவை நினைச்சுப் பாரும்மா."

நீட்டிப் பார்த்தாள். மலை ஒரு நொடியில் வரப்பாகிவிட்டது.

(* சார்ட்டின் ஓரத்தில் கீழிருந்து மேலாக ஏறும் எண்கள். குறுக்கினால் எலி யானையாகும், நீட்டினால் யானை எலியாகும்.)

5.

ஒரு வரைவில் அப்படியே விட்டுவிடுகிறாள். 'கூட்டம் சுமுகமாக முடிந்தது. எல்லாரும் டீ குடித்து...' அதற்கு மேல் ஓடவில்லை. எனக்கே கை எரிந்தது.

நடந்தது இது. அளவைப் பழையபடி கொண்டுவந்தாள். திரையில் பக்கம் விரிந்ததும் முதலாளியம்மா, "இந்தச் சிவப்பு என்ன?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தானே எழுந்து, கைப்பிடி விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலைக்குள் அந்த மாடலின் விற்பனையை நிறுத்தினார்கள். மேனேஜர் பதவியும் அத்தான் கையைவிட்டுப் போனது.

6.

இப்போது ஆபீஸ் வாசலில் அத்தானின் கார் நிற்கிறது. இருவருக்கும் ஒரே வீடுதான். மாடியில் அவள், கீழே அக்காவும் அவரும். காரின் முன்கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பெருந்தன்மையா, வெறும் பழக்கமா, முகத்தில் தெரியவில்லை. "ஏறு" என்று சொல்லவுமில்லை, கதவைச் சாத்தவுமில்லை.

ஏறினாள் என்று எழுதினால் சமாதானம் மலிவாகிவிடுகிறது. பஸ்ஸுக்கு நடந்தாள் என்றால், எழுந்து நின்று உண்மையைச் சொன்ன மனிதரை நானே நடுத்தெருவில் விட்ட மாதிரி இருக்கிறது. இரண்டையும் அடித்துவிட்டேன். இவ்வளவு தூரம் இழுத்து வந்தாயிற்று, இனி உங்கள் பாடு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வருகிறாள். சீக்கிரம் சொல்லுங்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.