விலக்கிப் பிடித்த துப்பாக்கி

ஏரிக்கரை நகரமான கிங்ஸ்டனில் ஹார்ன்பியும் மெக்ஃபீயும் வக்கீல்கள், நண்பர்கள். ஒரு வழக்கில் எதிரெதிராக வாதாடிவிட்டு அன்று மாலையே விடுதியில் ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்தார்கள். பேச்சு தடித்தது.

"உன் கட்சிக்காரனுக்குப் பொய் சொல்லத் தெரியல. அதான் அவனுக்கும் சேத்து நீயே சொல்லிட்ட" என்றான் மெக்ஃபீ. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஹார்ன்பி அவனை நேருக்கு நேர் நின்று சுடும் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தான்.

அப்படிப்பட்ட சண்டையில் இரு பக்கமும் ஆளுக்கொரு துணையாள் உண்டு. மறுநாள் ஹார்ன்பியின் துணையாளாக நான் மெக்ஃபீயிடம் போனேன். முதலில் சமாதானம் பேசிப் பார்ப்பது துணையாளின் கடமை.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடேன்."

"நேத்தே கேட்டிருப்பேன், க்ரீவ். இப்ப கேட்டா, துப்பாக்கிக்குப் பயந்துட்டான்னு சிரிப்பானுங்க."

சண்டை நாளன்று உறைபனி படிந்த ஏரிக்கரைக்குப் போகும் வழியில் ஹார்ன்பி மெல்லச் சொன்னான்: "நான் அவனச் சுடப்போறதில்ல. அவனுக்குப் பக்கத்துல ஏதாவது மரத்தப் பாத்துச் சுட்டுடுவேன்."

"வேணும்னே தப்பவிட்டா அது அவனுக்கு அவமானம்டா."

"குறி தப்பிடுச்சுன்னு நெனச்சுக்கட்டும். விடு."

சுடுவதற்கு அடையாளமாகக் கைக்குட்டை விழுந்தது. இரண்டு துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. அதற்குச் சற்று முன்னால், அறையப்போகும் கையிலிருந்து முகத்தைத் திருப்புகிறவன்போல, மெக்ஃபீயின் உடம்பு மரத்தின் பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். குண்டு அவன் நெஞ்சில் பாய்ந்தது. வண்டி ஊருக்குள் நுழையும் முன்பே உயிர் போய்விட்டது.

மெக்ஃபீயின் துணையாள் படகேறி ஏரியின் எதிரே இருந்த அமெரிக்கக் கரைக்கு ஓடிவிட்டான். நாங்கள் ஓடவில்லை. சண்டைக்குத் துணை நிற்பதும் கொலைக் குற்றமே என்று இருவரையும் சிறையில் அடைத்தார்கள்.

"மரத்தப் பாத்துதான் சுட்டேன்னு சொல்லிடுங்க" என்றார் எங்கள் வக்கீல். "கொல்ற எண்ணம் இல்லன்னு ஆயிடும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் கயிறுதான்."

அவர் போன பிறகு ஹார்ன்பி சொன்னான்: "மரத்தப் பாத்துச் சுட்டா குண்டு எப்படி நெஞ்சுக்குப் போச்சுன்னு கேப்பாங்க. அவன் பயந்து வெலகினான்னு சொல்லணும். செத்தவனப் பத்தி நான் சொல்லணும்."

"நம்ம கழுத்தும் இருக்கேடா!"

"நீ சொல்றதுன்னா சொல்லு. தடுக்கமாட்டேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் மெக்ஃபீயின் தங்கை ஆக்னெஸ் கறுப்பு உடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்டபோது ஹார்ன்பி எழுந்தான். "குறி பார்த்துத்தான் சுட்டேன். அவரும் அப்படியே. கடைசிவரை நேராக நின்றார்."

ஜூரிகள் கனவான்கள். சண்டை முறைப்படி நடந்ததா என்பது மட்டுமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்களை விடுதலை செய்தார்கள்.

வெளியே படிக்கட்டில் ஆக்னெஸ் என்னை நிறுத்தினாள். "நீங்க பாத்தீங்களா? அவன் நேரா நின்னானா?"

"அசையவே இல்லம்மா."

கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஹார்ன்பியிடம் திரும்பினாள். "எங்க வீட்ல எத்தன நாள் சாப்பிட்டிருக்க! அவன் நெஞ்சப் பாத்தா குறி வெச்ச?"

ஹார்ன்பி தொப்பியைக் கழற்றினான். "ஆமா" என்றான்.

அவன் காலடியில் துப்பிவிட்டு அவள் போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆக்னெஸ்கிட்ட மட்டுமாவது உண்மையச் சொல்லேன்டா."

"எது உண்மை? மரத்தப் பாத்தேன், அது நெசம். கைக்குட்டை விழும்போது விடுதியில அவன் சிரிச்ச சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. அதுவும் நெசம். அவன் அசைஞ்சானா, என் கை அசைஞ்சுச்சா?"

"அவன்தான் அசைஞ்சான். நான் பாத்தேன்."

"நீ அவனப் பாத்த. என் கையப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

பனி உருகியதும் தொழிலை விட்டுவிட்டு மேற்கே போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலில் ஆக்னெஸ் என்னிடம் வந்து, அண்ணன் எப்படி நின்றான் என்று இன்னொரு முறை சொல்லச் சொல்கிறாள். நானும் சொல்கிறேன்.