ஒன்பதாம் பக்கத்து மனைவி புலம்பல்

தனஞ்சயன் அண்ணன் இறந்த அன்று, இனி எவனுடைய கதையையும் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அவருடைய ஆறு புத்தகங்களையும் அச்சடித்தவன் நான். கையெழுத்துப் பிரதியை முதலில் வாசிப்பவனும் நான்தான். "முனாஸ் சரியெண்டால் சரி" என்பார். ஒரு கதையை நான் பேசாமல் திருப்பிக் கொடுத்தால், ஏனென்று கேட்காமல் கிழித்துப் போடுவார். எங்களுக்குள் இருந்த ஏற்பாடு அது.

என் அச்சகம் உட்துறைமுக வீதியில் இருக்கிறது. கலியாணக் கார்டும், செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவுமலரும்தான் சோறு போடுகின்றன. நினைவுமலருக்கு ஓர் ஒழுங்கு உண்டு: கடவுள் வணக்கம், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். செத்த வீட்டில் யார் உட்கார்ந்து பாட்டு எழுதுவது? எல்லாம் என் கணினியில் தயாராக இருக்கும், பெயரை மாற்றினால் போதும். கிண்ணியாச் சோனகன் ஒருவன் திருகோணமலை விதவைகளில் பாதிப் பேருக்காக அழுதிருக்கிறான் என்று அண்ணனே பகிடி பண்ணுவார்.

அவருடைய மலருக்கு மனைவி புஸ்பராணி அக்கா ஓர் உறை கொண்டுவந்தார். உள்ளே படம், உறவினர் பெயர்கள், மடித்த இரண்டு தாள்.

"அந்தத் தாளையும் ஒருக்காப் பாருங்கோ முனாஸ்."

"எல்லாம் நான் பாத்துக்குவன். நீங்க போங்கக்கா."

பெயர்களை எடுத்தேன், படத்தை ஸ்கான் செய்தேன். துக்கமோ பழக்கதோஷமோ, மடித்த தாள்களை விரிக்கவே இல்லை. ஒன்பதாம் பக்கத்தில், பூவும் பொட்டும் போனதாக வரும் வழக்கமான புலம்பலைப் போட்டேன்.

முப்பத்தோராம் நாள், அன்புவழிபுரம் வீட்டில் சனம் அதை வாசித்து மூக்கைச் சிந்தியது. அக்கா ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். மலரை மூடிவிட்டு எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

அடுத்த கிழமை, படத்தைத் திருப்பிக் கொடுக்க உறையை எடுத்தபோதுதான் தாள்களை விரித்தேன்.

'அவர் எழுதும் பின்னேரங்களில் நான் தேங்காய் துருவுவதில்லை. சத்தம் கேட்கும். மத்தியானமே துருவி மூடி வைத்துவிடுவேன். இரவுப் புட்டுக்குக் காய்ந்த தேங்காய்ப்பூதான். அவருக்கு அது தெரியவே தெரியாது. இப்போது எந்த நேரமும் துருவலாம். நேற்றும் மத்தியானமே துருவி வைத்தேன்.'

நின்றபடி வாசித்தேன். பிறகு இருந்து வாசித்தேன். அதில் ஓர் 'ஐயோ' கூட இல்லை. அண்ணன் ஆறு புத்தகங்களில் தேடியது இந்த இரண்டு தாளில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர் போய் நாற்பது நாள் ஆகவில்லை, அதற்குள் இன்னோர் எழுத்தைப் பிடித்துவிட்டதே என்று. ஆனால் பிடித்துவிட்டது. இத்தனை வருடமும் அந்தக் குசினியிலிருந்து வந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, இத நான் அப்ப வாசிக்கல்ல. அல்லாவாண, இண்டைக்குத்தான் வாசிச்ச நான். இன்னும் எழுதினது இருக்கா? தாங்க, புத்தகமாப் போடுவம்."

அக்கா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"வாசிக்கயில்லையா?"

"இல்லக்கா."

"வாசிச்சுப்போட்டுத்தான் விட்டனீங்கள் எண்டு நினைச்சன். முனாஸ் ஒண்டும் சொல்லாட்டில் கிழிச்சுப் போட வேணுமெண்டு அவர் சொல்லுறவர்." கதிரையின் கையை விட்டார். "ரெண்டு கொப்பி இருந்தது. கலியாணம் கட்டின வருசத்திலையிருந்து எழுதினது. அவருக்கும் காட்டயில்லை. வெள்ளிக்கிழமை அடுப்பிலை வைச்சிட்டன்."

ஊருக்கெல்லாம் அழுது கொடுத்தவனுக்கு ஒரு வரி வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். திரும்ப எழுதுங்க அக்கா என்று மட்டும் கேட்டேன்.

"இனி ஏலாது" என்றார். "இந்தத் தாளை நீங்களே வைச்சிருங்கோ. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

எனக்குப் பிடித்த எழுத்தாளர் எழுதியதில் மிஞ்சியதெல்லாம் என் சட்டைப்பைக்குள் இருந்தது. தேத்தண்ணியைக் குடிக்க முடியாமல் வைத்திருந்தேன். பின்னேரம் நாலு மணி இருக்கும். குசினிக்குள் அக்கா தேங்காய் துருவத் தொடங்கினார். அந்த வீட்டில், அந்த நேரத்தில், அந்தச் சத்தத்தை நான் முதல்முறையாகக் கேட்டேன்.