அழுகிற ஸ்டிக்கர்

செயலியின் பெயரை மாற்றியது தலைநகர் பொகோட்டாவில் இருந்தவர்கள். வசவு வாங்கியது பர்ராங்கியாவில் இருந்த நயீபே.

அந்த மின்விசிறிக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக எல்லோரும் ‘சார்லா’ என்ற செயலியில்தான் பேசிக்கொண்டார்கள். லாரி கிளம்பியதா, கேண்டீனில் இன்றைக்கு சாங்கோச்சோ சூப் உண்டா, யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாமே அதில்தான். கம்பெனியைத் தலைநகரத்துக்காரர்கள் வாங்கியதும் ‘பின்குலோ’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதே செயலிதான். மஞ்சளை ஊதாவாக்கி, அனுப்புகிற பொத்தானைக் கீழிருந்து மேலே தூக்கி வைத்து, ஸ்டிக்கர் செய்கிற வசதி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பின்குலோ என்றால் பிணைப்பாம். கிடங்குக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா? “யாரோட பிணைக்கப் போறீங்க, முதல்ல பொண்ணைக் காட்டுங்க” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

நயீபேக்கு நாற்பத்தொரு வயது. எல்லோரையும் பின்குலோவுக்கு மாற்றுகிற வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தாள். அக்டோபர் முப்பதுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புதியதற்கு மாறிவிட்டால் அவளுக்கு நிரந்தர வேலை என்று டாக்டர் ஹெர்மான் சொல்லியிருந்தார். அவர் வைத்தியம் படித்தவர் இல்லை. அந்த ஊரில் டை கட்டிக்கொண்டு தனி அறையில் உட்கார்ந்தவனெல்லாம் டாக்டர்தான். மூன்று ஆபீஸ்களில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவளுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். மாதம் பிறந்து இரண்டு வாரம் ஆகியும் முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. மாதக் கடைசிவரை பழையதும் ஓடும் என்று அறிவித்திருந்தார்கள். எல்லோரும் அதிலேயே உட்கார்ந்துகொண்டு புதியதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

அப்போதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். “இது விளையாட்டு அல்ல. தயவுசெய்து கேலியை நிறுத்தவும்” என்று பொதுக் குழுவில் எழுதிவிட்டாள். டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியதுதான், ஆனால் கீழே அவள் பெயர்தான் இருந்தது. டாக்டர் பொகோட்டாக்காரர், அவருக்குத் தெரியாது. இவள் பர்ராங்கியாவில், திருவிழா ஊர்வலம் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிற தெருவில் பிறந்தவள். கிண்டல் செய்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிட வேண்டும், முகம் சுளித்தவனை ஊர் விடாது என்பது அங்கே நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே எழுதினாளே, அவளை என்ன சொல்ல!

மறுநாள் காலை முட்டை வைத்த அரேப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டே பின்குலோவைத் திறந்தாள். அவளுடைய முகம் தனியாக வெட்டப்பட்டு ஸ்டிக்கராக ஆடிக்கொண்டிருந்தது. கண்களை இறுக மூடி, வாயை அகலத் திறந்து அழுகிற முகம். கீழே, “பொத்தான் எங்கேம்மா?” என்று எழுதியிருந்தது. கழுத்தில் கறுப்புக் காலர் ஒரு துண்டு, அதில் ஒரு வெள்ளைப் பித்தான்.

அந்தப் பித்தானை அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது போட்டிருந்த சட்டை. அன்றைக்கு ஒரு கையால் அவளைத் தாங்கிப் பிடித்திருந்த எனெய்தா, இன்னொரு கையால் எடுத்த படம் அது. எனெய்தா பக்கத்து மேசைதான். பதினாறு வருஷச் சிநேகிதி. இந்த வேலையைச் சொல்லிவிட்டதே அவள்தான்.

“நீயாடி குடுத்தே?”

“கிடங்கு வில்ஃப்ரீதோ கேட்டான். நீ அழற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு. இருந்துச்சு, குடுத்தேன்” என்றாள் எனெய்தா, நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே. “மூஞ்சியை மட்டும்தானடி வெட்டிக் குடுத்தேன். பெட்டி தெரியலையே.”

“எங்கம்மாடி அது.”

“உங்கம்மா எங்க இருக்கா அதுல? நல்லாப் பாரு. இதுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன்னா அடுத்தது அந்த மூஞ்சியையும் பண்ணுவான்.”

ஸ்டிக்கரை நீக்குகிற அதிகாரம் நயீபேயிடம் இருந்தது. ஒரே ஒரு தட்டுதான். விரலைக் கொண்டுபோன நேரத்தில் டாக்டர் அறையிலிருந்து ஓடிவந்தார்.

“என்ன மந்திரம் போட்டீங்க நயீபே? முப்பத்தொண்ணுல இருந்தது, ஒரே காலையில அம்பத்தெட்டு!”

பழைய செயலியில் ஸ்டிக்கர் போட முடியாது. அவளை அழவைத்துப் பார்க்க வேண்டுமென்றால் புதியதற்கு வந்தாக வேண்டும். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். லாரி தாமதமா, அந்த முகம். கேண்டீனில் மீன் தீர்ந்துபோச்சா, அந்த முகம். சாந்தா மார்த்தா கிளையில் அவளை ஒருநாளும் பார்த்திராதவர்கள்கூட அம்மாவுக்காக அழுத அந்த முகத்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடினார்கள். நயீபே விரலை எடுத்துக்கொண்டாள். நிரந்தரம் ஆகட்டும், அன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

எண்பத்தாறில் வந்து நின்றது. இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. மாறாதவர்களின் பட்டியலை எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே அந்த ஸ்டிக்கரை மின்னஞ்சலில் அனுப்பி, “வாங்க, இங்கதான் நான் அழறேன்” என்று எழுதினாள். தொண்ணூற்றாறு ஆயிற்று.

முப்பதாம் தேதி காலை டாக்டர் கூப்பிட்டார்.

“பிரமாதம்! பொகோட்டாவுல அசந்துபோயிட்டாங்க. உங்க ஸ்டிக்கரையே பின்குலோவோட அடையாளமா எல்லாக் கிளைக்கும் அனுப்பப் போறோம்.”

“அப்போ என் வேலை, டாக்டர்?”

“அதுதான் பாருங்க. எல்லாரும் மாறியாச்சு. இனிமே மாத்தறதுக்கு ஆள் இல்லை. இந்த வேலையே தேவையில்லைன்னுட்டாங்க.”

“அந்த ஸ்டிக்கரையாவது எடுத்துடுங்க” என்றாள்.

“அது கம்பெனி சொத்தும்மா. பின்குலோவுல வர்றதெல்லாம் கம்பெனியோடதுன்னு விதியை எழுதிச் சுத்துக்கு விட்டதே நீங்கதானே?”

பன்னிரண்டு மணிக்குப் பின்குலோவில் அவள் கணக்கை மூடினார்கள். மூன்று மணிக்குக் கேண்டீனில் வழியனுப்பு விழா. மேசை நடுவில் பெரிய கேக். மேலே சர்க்கரைத் தாளில் அச்சடித்த அவள் முகம், மூடிய கண், திறந்த வாய், கறுப்புக் காலர், வெள்ளைப் பித்தான் எல்லாம் இருந்தது. கத்தியைப் பிடித்திருந்தவன் வில்ஃப்ரீதோ.

“யாருக்கு வாய் வேணும்? சீக்கிரம் சொல்லுங்க, கண்ணு ரெண்டும் போயிருச்சு!”

காலர் இருந்த துண்டு நயீபே தட்டில் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மாவைப் புதைச்ச அன்னைக்கு எடுத்த படம் இது” என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

கேண்டீன் அடங்கியது. வில்ஃப்ரீதோவின் கை அப்படியே நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர்களுக்கு வெட்கம் வரும்போல இருந்தது. அப்புறம் அவன் எனெய்தாவைப் பார்த்தான்.

எனெய்தாவுக்குத் தெரியும். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் விரலில் ஒட்டிய கிரீமை நக்கிக்கொண்டே சிரித்தாள்.

“அடேங்கப்பா! கடைசி நாள்ல நம்மாளும் கிண்டல் பண்ணக் கத்துக்கிட்டா!”

கேண்டீன் வெடித்துச் சிரித்தது. வில்ஃப்ரீதோ கைதட்டினான். “போட்டுத் தாக்கிட்டீங்கக்கா!” நயீபேயின் வாய் தானாகக் கோணியது, கண் மூடியது, அழுகை வந்துவிட்டது. எதிரில் யாருடைய கைபேசியோ பளிச்சென்று மின்னியது.

கொஞ்ச நேரத்தில் பைகளிலும் மேசைகளிலும் டிங் டிங் என்று சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடியும் கைபேசியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஊதா நிறத்தில் எழுதியிருந்தது.

“இந்தத் தடவை கீழே என்ன எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள்.

ஒருவரும் காட்டவில்லை.