லோண்ட்றியில் ஒரு வாளி

சுடலையிலிருந்து வந்து தலைமுழுகப் போனபோதுதான் வாளியின் சத்தம் நின்றிருப்பதை இராஜேஸ்வரி கவனித்தாள். ஸ்பிரிங்வேல் வீட்டின் லோண்ட்றியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், போன ஞாயிறு அவள் கணவர் சச்சிதானந்தன் வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி அது. சிநேகிதன் சிறியோடு போய் வீட்டில் பியர் காய்ச்சும் சாமான்களை வாங்கி வந்து, தகரத்திலிருந்த பாகைச் சுடுநீரில் கரைத்து, சீனி போட்டு, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி மூடியை இறுக்கியிருந்தார். மூடியில் தண்ணீர் நிறைந்த ஒரு வளைந்த குழாய். மறுநாள் அதனூடாகக் காற்று 'ப்ளக்' என்று வெளியேறியபோது அவளைக் கூப்பிட்டார். அவள் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள், எழுந்து போகவில்லை. செவ்வாய்க்கிழமை வேலைத்தலத்தில் மெஷினுக்கு முன்னால் விழுந்து இறந்துபோனார். ஐம்பத்தொரு வயது.

மூன்று நாளும் சனம் வந்துபோக, பின்கதவு திறந்தே கிடந்தது. ஜூலைக் குளிர். வாளியைத் தொட்டாள், ஐஸாக இருந்தது. பியரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மெல்பேர்ண் குளிரில் தோசைமா பொங்காமல் கிடந்தால் என்ன செய்வதென்று தெரியும். கட்டிலிலிருந்து எலெக்ட்ரிக் பிளாங்கெட்டை உருவி வந்து வாளியைச் சுற்றினாள். சூட்டு சுவிட்சை ஒன்றாம் இலக்கத்தில் வைத்தாள். எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையலில் அவர் செய்ததையே அவருக்கு வைக்கவேண்டும்.

சனிக்கிழமை, கணவரின் தமையன் கதிர்காமநாதன் மூக்கைப் பொத்தியபடி லோண்ட்றி வாசலில் நின்றார். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவர்.

"செத்த வீட்டிலை இதென்ன நாத்தம்? வெளியிலை ஊத்திவிடு பிள்ளை. எட்டுக்குக் கடையிலை ஒரு போத்தில் வாங்கி வைப்பம்."

"கடைச் சாமான் சரியில்லையெண்டுதானே அவர் இதைத் தொடங்கினவர், அத்தான்."

"அவன் தொடங்கினதெல்லாம் உருப்பட்டதோ? கராஜுக்கை போய்ப் பார்."

கராஜில் பாதி அடித்த புத்தக அலுமாரி நின்றது. கதிர்காமநாதன் பின்கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஞாயிறு மத்தியானம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது லோண்ட்றியில் 'ப்ளக்' என்றது. தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்று அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வந்தது.

எட்டாம் நாள் சிறி வந்து, போர்வையைத் தூக்கி, வாளியின் அடியிலிருந்த குழாயைத் திறந்து ஒரு தம்ளரில் பிடித்தான். கலங்கலாக, நுரையில்லாமல் இருந்தது.

"முதல் தரம் எல்லாருக்கும் கோப்பை கழுவின தண்ணிதான் வரும், அக்கா. அண்ணை அதையும் 'அந்தமாதிரி இருக்கு, அருமை' எண்டு குடிச்சிருப்பார்."

ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். மீன்குழம்புக்கும் முட்டைப் பொரியலுக்கும் நடுவில், அவர் படத்துக்கு முன்னால் தம்ளரை வைத்தாள்.

படைத்ததைப் பகிரும்போது அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கதிர்காமநாதன் எட்டி எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினார்.

"இனிக்குது," என்றார்.

"அப்ப இன்னும் புளிச்சு முடியேல்லை, அண்ணை," என்றான் சிறி. " சீனியை ஈஸ்ட் முழுக்கத் திண்டு முடிக்கவேணும். இன்னும் ரெண்டு மூண்டு நாள் கிடக்கட்டும், பிறகுதான் போத்தில்."

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து லோண்ட்றிப் பக்கம் போனார். வாளியை வெளியே ஊற்றிவிடத்தான் போகிறார் என்று இராஜேஸ்வரி பின்னாலேயே போனாள். வாசலில் நின்றுவிட்டாள். முழங்காலில் நின்ற அத்தான், சிறி தூக்கிவிட்ட போர்வையின் ஓரத்தை இழுத்து, அடிக்குழாய் மறையும்படி வாளிக்கடியில் செருகிக்கொண்டிருந்தார்.