செவலை தின்ற சத்துமாவு

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக் கூடாது. நாகலூர் சசிகலா சொன்னாள், நன்றாக அனுபவித்தாள்.

அவளுக்கு எச்ஐவி. மலையிறங்கிச் சேலத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போது ஒரு தொண்டு நிறுவனம் சத்துமாவு மூட்டையும் தரும். மழைக்கு எஸ்டேட் வேலை நின்றுவிட்டால் அந்த மாவுக் கஞ்சிதான் அவளுக்குச் சாப்பாடு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை கிறுகிறுக்கும். நோய் விஷயம் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஊரே ஒதுக்கிவிடும் என்று பயந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து மூட்டையை இறக்கும்போது பக்கத்து வீட்டுக் காளியாயி பார்த்துவிட்டாள்.

"மூட்டையில என்ன சாமி?"

"மாட்டுத் தீவனமுங்க்கா."

சசிகலாவிடம் மாடு கிடையாது. ஆடுகூடக் கிடையாது. காளியாயியிடம் ஒரு செவலைப் பசு இருந்தது.

"மாடில்லாத ஊட்டுக்குத் தீவனம் எதுக்கு? ஓ, என்ற செவலைக்கா வாங்கியாந்த? தங்கமான புள்ள!"

இல்லை, நான் தின்னத்தான் என்று சொல்ல வாய் வருமா? மூட்டை காளியாயியின் தலைக்கு ஏறிவிட்டது.

செவலைக்கு வந்தது யோகம். ராகி, பொட்டுக்கடலை, பாசிப்பயறு எல்லாம் வறுத்து அரைத்த மாவு. உடம்பு பளபளத்துப் பாலைக் கொட்டியது. சசிகலா வரக்காப்பியைக் குடித்து மாத்திரை போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு பசுமாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அந்த மலையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒருநாள் காலையில் பசி தாங்கவில்லை. காளியாயி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் புகுந்து, தொட்டியில் கைவிட்டு மாவை அள்ளி வாயில் போட்டாள். செவலை சும்மா விடுமா? முட்டித் தள்ளிவிட்டது. விழுந்த சத்தத்துக்குக் காளியாயி குடத்தோடு ஓடி வந்தாள்.

"அடியே! மாட்டுத் தீவனத்தயா திங்கற?"

இனிச் சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை. சாணியில் உட்கார்ந்தபடியே சசிகலா அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயரையும் சொன்னாள்.

காளியாயி குடத்தை இறக்கி வைத்தாள். உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சி டம்ளரில் கொண்டுவந்தாள்.

"குடி. உன்ற மாவுதான் இது."

சசிகலா பாதிதான் குடித்தாள். அவள் கீழே வைத்த டம்ளரைக் காளியாயி எடுத்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து மிச்சத்தைக் குடித்துவிட்டு உதட்டை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கிருந்து இங்க வந்து தின்னுபோட்டு மாத்திரை போடு கண்ணு. செவலைக்கு இனிமேட்டுக்குப் புல்லுதான். அதை மட்டும் நீயே அதுகிட்டச் சொல்லிரு, நான் சொன்னா ஒதைக்கும்."